நாலாம் நம்பர் லைன் கிளியர்

எனக்குப் பதினோராயிரம் வோல்ட் என்றால் பயம், பேய் என்றால் சிரிப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகச் சப்ஸ்டேஷனில் ஆப்பரேட்டர் வேலை பார்க்கிறேன். ராத்திரி ஷிப்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து டிரான்ஸ்பார்மர் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே மிக்சர் தின்றவன் நான். கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது, "அங்க நடமாட்டம் ஜாஸ்தி, பாத்துப் போ" என்று பயமுறுத்தினார்கள். "நடமாடட்டும், எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம், வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளில் வேலை, நடுவில் ஆவிக்கெல்லாம் இடமே கிடையாது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மாசி, பங்குனி வந்தால் மலையில் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிடும். எங்கள் சப்ஸ்டேஷனிலிருந்து குண்டூர் நாட்டுப் பக்கம் போகிற ஒரு லைன், பாதிக்கு மேல் காட்டுச் சரிவிலேயே போகிறது. காட்டு லைன் என்றுதான் அதற்குப் பேர். காற்று பலமாக அடித்தால் கம்பியோடு கம்பி உரசும், இல்லையென்றால் கிளை முறிந்து கம்பியில் விழும், ஒரு பொறி கீழே போனால் போதும், சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும், சரிவுக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன. அதனால் இப்போதெல்லாம் காற்று எச்சரிக்கை வந்தவுடனே, தீயும் இல்லை புகையும் இல்லை என்கிறபோதே, அந்த லைனை அணைத்துவிடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எரியாத காட்டுக்காக இருட்டில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? திட்டு முழுக்க எனக்குத்தான் விழும்.

லைனை அணைத்தவுடன் லைன்மேன்கள் ஆளுக்கொரு பகுதியாகக் கம்பியோடு நடந்து போய், உரசுகிற கிளைகளை வெட்டி, கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டு லைன் கிளியர் கேட்க வேண்டும். லைன் கிளியர் என்றால் வேறொன்றுமில்லை, 'இந்தக் கம்பியில் நான் கை வைக்கப் போகிறேன், நான் திருப்பிச் சொல்கிற வரைக்கும் நீ கரண்ட் விடக் கூடாது' என்கிற வாக்கு. நான் நம்பர் போட்டு, பேரும் நேரமும் நோட்டில் எழுதுவேன். வேலை முடிந்ததும் அதே ஆள், அதே வாயால் ரிட்டர்ன் சொல்ல வேண்டும். வாங்கினவன்தான் திருப்ப வேண்டும், அவனுக்குப் பதில் அவன் பெண்டாட்டி சொன்னாலும் செல்லாது, கலெக்டர் சொன்னாலும் செல்லாது. ஒரே ஒரு வரி திரும்பாமல் நின்றாலும் சுவிட்ச் பக்கம் கை போகக் கூடாது.

அதற்கு மேல் நானாக ஒரு பழக்கம் வைத்திருந்தேன். காற்றில் போனில் குரல் பிடிபடாது, எவன் பேசுகிறான் என்றே தெரியாது. அதனால் லைன் கிளியர் கொடுக்கும்போது ஆளுக்கொரு வார்த்தை சொல்லுவேன், தக்காளி, செருப்பு, எது வாயில் வருகிறதோ அது. ரிட்டர்ன் சொல்லும்போது அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை மட்டும் நோட்டில் எழுத மாட்டேன், எழுதினால் எவன் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடுவானே. அது எனக்கும் அந்த ஆளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காட்டு லைனில் நான்கு பகுதி. நாலாவது பகுதி பொன்னுசாமியுடையது. வாழவந்தி நாட்டுக்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட எட்டொன்பது வயசு மூத்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன், அதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர் மட்டும் "கூப்புட்டுட்டுப் போகட்டும் உடுங்க, நல்லாத்தான் இருக்குது" என்பார். வேலையில் சுத்தமான மனுஷர், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. எத்தனை பேரோடு போனாலும், எல்லாரும் கம்பத்திலிருந்து இறங்கித் தரையில் நின்ற பிறகு விரலை நீட்டி எண்ணுவார். முதலில் தன் நெஞ்சைத் தொட்டு "ஒண்ணு", அப்புறம்தான் மற்றவர்கள். சரி, கூட்டமாகப் போனால் எண்ணலாம், தனியாகப் போனாலும் தன் நெஞ்சைத் தொட்டு "ஒண்ணு" என்று எண்ணிவிட்டு, போட்ட வேலையை இன்னொரு சுற்று பார்த்துவிட்டு, ஆடி அசைந்து சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து, "கீழ ஆளு ஒண்ணுங்க சார், லைன் கிளியர் ரிட்டர்ன்" என்பார். மற்ற மூன்று பேரும் சொல்லி அரை மணி ஆகியிருக்கும். கேட்டில் ஜனம் நின்று என்னைக் கிழித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, தனியாத்தான போனீங்க? உங்களை நீங்களே எண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தா ஊருக்கு எப்ப கரண்ட் விடுதது?" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "எண்ணும்போது மொதல்ல நம்மள எண்ணோணுங்க சார். நம்மள உட்டுட்டு எண்ணுனா கணக்குச் சரியா வராதுங்க" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த அண்ணாச்சி கார்த்திகை மாசம் காய்ச்சல் என்று படுத்தார். பத்து நாள்தான். நானும் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். போட்டுவிட்டுத் திரும்பும்போது, மனுஷனிடம் கத்தியிருக்க வேண்டாமே என்று இருந்தது, நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அவர் இடத்துக்குப் புதிதாக ஆள் போடவில்லை. நாலாவது பகுதியை மூன்றாவதோடு சேர்த்துவிட்டார்கள். அந்த மூன்றாவது பகுதிக்குத் தை மாசம் சேந்தமங்கலத்திலிருந்து அருள் என்று ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்திருந்தான், கல்யாணமாகி ஆறு மாசம். அவன் அண்ணாச்சியைப் பார்த்ததே கிடையாது. ஆக இனிமேல் மூன்று ஆள், மூன்று லைன் கிளியர்.

நான் சொல்கிறது அடுத்த மாசியில், அந்த வருஷத்தின் முதல் பெரிய காற்றில். லைனை அணைத்து அன்றைக்கு ரெண்டாவது நாள். கட்டிடத்துத் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது, சில்வர் ஓக் மரங்கள் பேயாட்டம் ஆடின, பேயாட்டம் என்பது சும்மா பேச்சுக்குச் சொல்கிறேன். பதினொரு மணி வாக்கில் ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். மாதேஸுக்கு லைன் கிளியர் கொடுத்தேன், வார்த்தை கத்தரிக்காய். பெரியசாமிக்குக் கொடுத்தேன், வார்த்தை உப்பு. அருளுக்குக் கொடுத்தேன், வார்த்தை சைக்கிள். மூன்றும் என் செல்போனில் வந்த அழைப்பு. எழுதி முடித்துவிட்டு, ஊரிலிருந்து அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பின பனங்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். மலையில் பனைமரம் கிடையாது, அதனால் பனங்கிழங்கு வந்தால் எனக்குத் திருவிழா. ஒன்றை எடுத்து நார் உரித்துக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்த லேண்ட்லைன் அடித்தது.

எடுத்தேன். காற்று இரைச்சல், அதற்கு நடுவில், "சார், நாலாவதுக்கு ஒரு லைன் கிளியர் குடுங்க" என்று ஒரு குரல். நான் கிழங்கைக் கடித்துக்கொண்டே நாலாம் நம்பர் போட்டு எழுதினேன். "பனங்கிழங்கு" என்றேன். "பனங்கிழங்கு, செரிங்க சார்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் வைத்துவிட்டது. வைத்த நிமிஷமே மேலதிகாரி மேடம் என் செல்லில் கூப்பிட்டார்கள், அதைப் பேசினேன், அப்புறம் ஒருவன் கேட்டில் சண்டைக்கு வந்தான், அவனோடு மல்லுக்கு நின்றேன். அந்த நாலாவது போன் என் புத்தியிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள். இந்த மலைக்கு வந்த ஏழு வருஷமாக மூன்று பேருக்கு எழுதினதும் நாலாவதாக ஒரு வரி எழுதின கை ஐயா இது. எதுவும் வித்தியாசமாகப் படவே இல்லை.

மூன்றரைக்குக் காற்று பட்டென்று நின்றுவிட்டது. நாலு மணிக்கு அடுத்த ஷிப்டுக்குக் கவிதா வந்தாள். ராசிபுரத்துப் பெண், மலைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. நாலு ஐந்துக்கு மாதேஸ், கத்தரிக்காய், ரிட்டர்ன். நாலேகாலுக்குப் பெரியசாமி, உப்பு, ரிட்டர்ன். நாலு இருபத்தைந்துக்கு அருள், சைக்கிள், ரிட்டர்ன், "சார்ஜ் ரெண்டு பர்சென்ட்தான் சார் இருக்குது, வெக்கறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டான். கேட்டில் இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றது நல்லம்மா, மரவள்ளிக்காட்டுக்காரி, அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"ஏனுங்க, காத்து நின்னு ஒரு மணி நேரமாச்சு! தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, நாளைக்குப் புள்ளைகளுக்குப் பரீச்ச. கரண்ட்ட உடறதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?"

"இதோ உட்டாச்சு தாயி, கத்தாத" என்று சொல்லிவிட்டு, சுவிட்ச் போடுவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி நோட்டைத் திறந்து வரிகளைப் பார்த்தேன். ஒன்று, திரும்பிவிட்டது. ரெண்டு, திரும்பிவிட்டது. மூன்று, திரும்பிவிட்டது. அதற்குக் கீழே என் கையெழுத்தில், நான்கு, பொன்னுசாமி, பதினொன்று இருபது. ரிட்டர்ன் என்ற இடம் காலி.

உடம்பு சிலிர்த்ததா என்று கேட்டால், இல்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல்தான் வந்தது. செத்துப்போன மனுஷன் பேரில் லைன் கிளியர் எழுதி வைத்திருக்கிறேனே, வெளியே தெரிந்தால் மானம் போகும். மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மூணு பேரும் ரிட்டர்ன் குடுத்துட்டாங்கதானே செல்வராஜ்? அப்புறம் ஏன் இன்னும் போடல?"

"நாலாவது ஒண்ணு நிக்குது மேடம்."

"நாலாவது யாரு?"

"பொன்னுசாமி."

மேடம் அந்தப் பேரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். அப்புறம், "தூங்கிட்டீங்களா செல்வராஜ்? பழக்கதோஷத்துல எழுதியிருப்பீங்க. கோடு போட்டு அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு லைனைப் போடுங்க, நான் பொறுப்பு" என்றார்கள். நியாயமான பேச்சு. நானும் பேனாவை எடுத்து அந்த வரி மேல் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் கிடந்த பனங்கிழங்கு நார் கண்ணில் பட்டது. பழக்கத்தில் கை எழுதியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒருத்தன் அதைத் திருப்பிச் சொன்னான். போன் வந்தது நிஜம். அப்படியென்றால் எவனோ ஒரு மனுஷன், உயிரோடு இருக்கிற மனுஷன், நாலாவது பகுதியில் கம்பத்தில் இருக்கிறான், நான்தான் குரலைச் சரியாகக் கேட்காமல் பேரை மாற்றி எழுதித் தொலைத்திருக்கிறேன். என் புத்தி அப்போது ஓடினது இவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் திரும்பாத வரி ஒன்றைக்கூட நான் அடித்ததில்லை. எழுதினவன் நான், அடிக்க எனக்கு உரிமை கிடையாது.

"மேடம், நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுதேன்" என்றேன். "அரை மணி நேரம்தான். அதுக்கு மேல ஜனங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்றார்கள். கவிதாவிடம், "என் குரலைக் கேக்காம சுவிட்சைத் தொடாத. மேடமே நேர்ல வந்து நின்னாலும் தொடாத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நல்லம்மா குறுக்கே வந்து, "எங்கீங்க சார் ஓடறீங்க?" என்றாள். "உசுரு ஒண்ணு நிக்குது தாயி, வழிய உடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் அவளே கூட்டத்தை ஒதுக்கி வழி விட்டாள்.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே இறங்கிச் சரிவுக்குப் போனேன். அரை மணி நேரம்தானே கொடுத்திருந்தார்கள், கையில் வாட்சைப் பார்த்துக்கொண்டே போனேன். வெளிச்சம் நன்றாகவே இருந்தது, சூரியன் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாலாவது பகுதியின் மூன்றாவது கம்பத்தை நிமிர்ந்து பார்த்தேன். அருள் மேலே இருந்தான். ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் ஐயா, ரிட்டர்ன் கொடுத்தவன்.

கத்தவில்லை, கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான். கீழேயே நின்று, ஏசுவே ஏசுவே என்று முனகிக்கொண்டிருந்தேன். நான் அந்த வரியை அடித்திருந்தால் இந்நேரம் இவன் கரிக்கட்டை, கம்பியில் சிக்கிய கிளையிலிருந்து நெருப்பு கொட்டி, கீழே காய்ந்த புல், அதற்குக் கீழே ஏழெட்டு வீடு. கடைசிக் கிளை தொப்பென்று விழுந்தது. அவன் நிதானமாக இறங்கினான். கால் தரையில் பட்டபோது வாட்ச் ஐந்து இருபது. நான் போய் ஓங்கி ஒரு அறை விட்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

"ரிட்டர்ன் குடுத்துட்டு மேல ஏறுதியா? உன் பொண்டாட்டிக்கு யாருலே பதில் சொல்லுவா?"

அழுதுவிட்டான். போனில் சார்ஜ் போய்விடும் என்று பயந்து, சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய் முதலில் ரிட்டர்ன் சொல்லியிருக்கிறான். சொன்னவுடன் போன் செத்துவிட்டது. திரும்பி வரும் வழியில், ஏற்கெனவே பார்த்து முடித்த கம்பத்துப் பக்கம் ஒரு பெரிய கிளை முறிந்து கம்பி மேல் கிடந்திருக்கிறது. இனி எந்த நிமிஷமும் கரண்ட் வரும், வந்தால் பொறி பறக்கும், கீழே வீடுகள், போன் போட வழியில்லை. பதறிப்போய், ஐந்தே நிமிஷத்தில் வெட்டிவிடலாம் என்று ஏறிவிட்டான். ஏறி முக்கால்வாசி போன பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்திருக்கிறது, அப்படியே கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டானாம்.

"அப்பத்தானுங்க சார் அந்தப் பெரியவரு கீழருந்து கொரலு குடுத்தாரு."

"எந்தப் பெரியவரு?"

"காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு, நம்ம டிபார்ட்மெண்டு ஆளாட்டந்தானுங்க இருந்தாரு. 'ரிட்டர்ன் குடுத்துட்டு ஏறலாமா சாமி? செரி, ஏறுனது ஏறிட்ட. எம்பேர்ல லைன் கிளியர் இருக்குது, நான் திருப்பற வரைக்கும் யாரும் கரண்ட் உடமாட்டாங்க, பதறாம வெட்டு'ன்னாரு. ஆராச்சும் தெரியாம அந்த வரிய அடிச்சுட்டுக் கரண்ட்டப் போட்டுட்டா என்னங்க பண்றதுன்னு கேட்டேன். 'அந்தச் சாருக்குக் கோவம் வரும், ஆனா எழுதுன வரிய அடிக்கமாட்டாரு'ன்னாருங்க."

வெட்கப்படாமல் சொல்கிறேன், அங்கேயே அழுதேன். பயத்தில் அல்ல. நான் கத்தின கத்தலுக்கு அந்த மனுஷன் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டிருந்தாரா என்றுதான். அழுகை அடங்கின பிறகு சுற்றிலும் பார்த்தேன். வந்த வழி ஒன்றுதான், ஒற்றையடிப் பாதை, யாரும் எனக்கு எதிரே வரவில்லை.

"அவரு இப்ப எங்க?"

"இங்கதானுங்க நின்னாரு, நீங்க வந்தப்பக்கூட உங்க பக்கத்துலதான் இருந்தாரு. நான் எறங்கறப்பப் பாத்தேன், வெரல நீட்டி ஆள எண்ணிக்கிட்டு இருந்தாருங்க."

ரெண்டு பேரும் மேலே ஏறி வந்தோம். அவனை வண்டியில் வைத்துக்கொண்டு சப்ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். கவிதா வாசலுக்கே வந்து, "நாலாம் நம்பர் ரிட்டர்ன் வந்துருச்சுங்க சார்" என்றாள், என்னவோ தினசரி விஷயம் மாதிரி. நோட்டைப் பார்த்தேன். அவள் கையெழுத்தில், பொன்னுசாமி, ரிட்டர்ன், ஐந்து இருபது.

"எதுல வந்துச்சு?"

"லேண்ட்லைன்லதாங்க சார். உங்க கொரலு கேக்காம தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அதனால எழுதி மட்டும் வெச்சுட்டேன்."

"என்ன சொன்னாரு? ஒரு எழுத்து விடாமச் சொல்லு."

"'கீழ ஆளு ரெண்டும்மா, லைன் கிளியர் ரிட்டர்ன்'னாரு. அப்பறம் பனங்கிழங்குன்னாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல. திங்கறதுக்குத்தான் கேக்கறாராட்டம்னு நெனச்சு, 'சாரு மேசையில இருக்குதுங்க, வந்தா எடுத்துக்கங்க'ன்னு சொன்னேன். சிரிச்சுட்டு வெச்சுட்டாருங்க."

மேசையில் பனங்கிழங்கு அப்படியே இருந்தது. நான் போய், ஜனங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, லைனைப் போட்டேன். லைன் ஒரு தடவைகூட ட்ரிப் ஆகாமல் நின்றது. கேட்டில் விசில் அடித்தார்கள், நல்லம்மா என்னைப் பார்த்து, "அந்த உசுரு என்னாச்சுங்க சார்?" என்று கேட்டாள். "எறங்கிடுச்சு தாயி" என்றேன்.

இப்போது நீங்கள் சொல்ல வருகிறதெல்லாம் எனக்குத் தெரியும். எவனோ விளையாடினான் என்பீர்கள். அந்த வார்த்தை என் தலைக்குள்ளே மட்டும்தான் இருந்தது, நோட்டில் இல்லை, அருளிடமோ கவிதாவிடமோ நான் சொல்லவில்லை. மலைக்காரன் எவனும் அதைக் குருட்டாம்போக்கில் ஊகிக்கவும் முடியாது. அருள் கவிதாவிடம் பேசி வைத்திருந்தான் என்பீர்கள். அவன் போன் செத்துக் கிடந்தது, அந்தக் கம்பத்திலிருந்து சிக்னல் பாறைக்கு அரை மணி நடை, ஐந்து இருபதுக்கு அவன் கன்னம் என் கையில் இருந்தது. லேண்ட்லைனில் யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்க அந்தப் பழைய பெட்டியில் வசதி கிடையாது. மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, எல்லாப் பக்கத்திலும் போடுகிற மாதிரி அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். நான் இன்றைக்கும் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. லைன் கிளியரை நம்புகிறேன்.

ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 'கீழ ஆளு ரெண்டு' என்று சொன்னார் அல்லவா, அதை நான் அண்ணாச்சியும் அருளும் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து சேந்தமங்கலம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று உறைத்தது. ஐந்து இருபதுக்கு அந்தக் கம்பத்தடியில் நானும்தானே நின்றேன்! அருள் ஒன்று. நான் ரெண்டு. அவரையும் சேர்த்தால் மூன்று வர வேண்டும். தனியாகப் போனாலும் முதலில் தன் நெஞ்சைத் தொட்டு எண்ணுகிற மனுஷன் அவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார். கணக்குச் சரியாகத்தான் வந்தது.